பைஸ்டாண்டர் சாரின் உதவித்தொகை

திருவனந்தபுரத்தில் எங்கள் பைஸ்டாண்டர் சாரைப் போல இத்தனை குடும்பங்களுக்கு மருமகனாக இருந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. மருமகன் மட்டுமா? சிலருக்கு மகன், சிலருக்கு மச்சான், சிலருக்குச் சித்தப்பா. ஒரு தடவை ஒரு மலையாள மூதாட்டிக்குப் பேரன் என்றுகூடச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கே மீசை நரைத்திருந்தது. அந்த அம்மாள் மறுக்கவில்லை. பையனுக்குக் கொஞ்சம் வயது கூடிப்போய்விட்டது என்று மட்டும் நர்ஸிடம் வருத்தப்பட்டாராம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒருவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் முதலில் கேட்பது நோய் என்னவென்று அல்ல. "கூட ஆரு உண்டு?" என்பதுதான். அப்படிக் கூட இருக்கும் ஆளுக்கு மலையாளத்தில் நல்ல பெயரெல்லாம் உண்டு. ஆனாலும் வாசல் செக்யூரிட்டி முதல் பெரிய டாக்டர் வரை சொல்வது 'பைஸ்டாண்டர்'. மருந்து வாங்க, கஞ்சி வாங்க, ரத்தத்துக்கு ஆள் பிடிக்க, கையெழுத்துப் போட, நர்ஸிடம் திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பிறவிதான். பைஸ்டாண்டர் இல்லாமல் ஒருத்தர் வந்து படுத்துவிட்டால் வார்டே கையைப் பிசையும்.

சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சார் அதற்கு நிர்வாகி. டாக்டர் இல்லை, பி.காம். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம். நான் அங்கே விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அதனால் சார் என்னை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார். என் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. பழிக்குப் பழியாக அவர் பெயரும் அப்படித்தான் போயிற்று.

கூட ஆளில்லாமல் யார் வந்தாலும் சரி, சார் போய் நிற்பார். நர்ஸ் என்ன உறவு என்று கேட்டால் அந்த நேரத்துக்கு வாயில் வருகிற உறவைச் சொல்வார். உறவு இல்லாதவர் கூட இருக்கக்கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். சட்டம் போட்டவர் அவர்தான். அவருடைய அறை அலமாரியில் கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோரைப்பாய், ஒரு ஃபிளாஸ்க், ஒரு துண்டு, ஒரு எவர்சில்வர் தூக்கு. ஆடிட்டர் வந்து கோப்பு கேட்டால் பாயை நகர்த்தித்தான் எடுத்துக் கொடுப்பார்.

இந்த உறவு விஷயத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே! சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் மூச்சுத்திணறலோடு தனியாக வந்து சேர்ந்தார். வழக்கம்போல சார் மருமகன் ஆனார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ரயில் பிடித்து ஓடி வந்து கவுண்டரில் நின்று, அப்பா எந்த வார்டு என்று கேட்டாள். நான் நல்ல மனதோடு சொன்னேன்.

"பயப்படாதீங்க அம்மா. உங்க வீட்டுக்காரர் மேலதான் இருக்காரு. அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டிருக்காரு."

பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்தான் அவளுடைய வீட்டுக்காரர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனிதர் என்னை ஒரு பார்வை, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அடிதடிதான் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். சார் அசரவில்லை. வந்தவரைப் பார்த்ததும் எழுந்து, ஸ்பூனை அவர் கையில் திணித்து, சூடாக இருக்கிறது, ஊதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உண்மையான மருமகன் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார்.

டிரஸ்ட் கூட்டம் நடந்த ஒரு நாளை மறக்கவே முடியாது. தலைவர், உறுப்பினர்கள், முந்திரி பக்கோடா, எல்லாரும் வந்தாயிற்று. புதுக் கட்டடம் பற்றி சார் விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு வார்டிலிருந்து ஃபோன் வருகிறது, நான் மைக்கைப் போடுகிறேன். ஆண்கள் வார்டு கடைசி பெட் பைஸ்டாண்டர் உடனே பார்மசிக்கு வரவும். மலையாளத்தில் சொல்லி முடித்துத் தமிழுக்கு வருவதற்குள் கூட்ட அறைக் கதவு திறந்தது. சார் கையில் கட்டட வரைபடத்தோடு பார்மசியைப் பார்த்து ஓடுகிறார். பின்னாலேயே தலைவர் வந்து, தீப்பிடித்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். இல்லை சார், குளுக்கோஸ் வாங்கப் போகிறார் என்றேன்.

புகார்ப் பெட்டிக் கதை இன்னும் மோசம். மூன்றாம் மாடியில் அப்போது வெந்நீர் கிடையாது. பைஸ்டாண்டர்கள் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கான்டீனுக்கு இறங்கி ஏற வேண்டும். சாருக்கும் இறங்கி ஏறி முட்டி வீங்கிப்போய், பைஸ்டாண்டர் என்ற முறையில் நிர்வாகத்தைக் கண்டித்துப் புகார் எழுதிப் பெட்டியில் போட்டார். மறுநாள் நிர்வாகி என்ற முறையில் பெட்டியைத் திறந்து, படித்து, 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொன்னார். சாயங்காலம் பைஸ்டாண்டராக வந்து அந்தப் பதிலைப் படித்ததும் வந்ததே கோபம், வராந்தா அதிர்ந்தது. இவனுகளுக்கு வேற என்ன எழுதத் தெரியும் என்று கத்தினார். பக்கத்துக் கட்டிலுக்குக் கூட இருந்த ஒரு அம்மா, இவர் யாரென்று தெரியாமல், அந்த நிர்வாகியை ஒரு நாளாவது இந்தப் படியில் ஏறி இறங்க விட வேண்டும் என்று சேர்ந்துகொண்டாள். விடணும், விடணும் என்று சாரும் பலமாகத் தலையாட்டினார். அந்த வாரமே மூன்றாம் மாடிக்குப் பாய்லர் வந்தது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பைஸ்டாண்டர்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். இதுவும் சார் போட்ட சட்டம்தான். புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவர் ஒரு காலையில் எல்லாரோடும் சேர்த்து சாரையும் தூக்கு, துண்டு சகிதம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். சார் ஒரு வார்த்தை பேசாமல் வராந்தாவில் வரிசையில் நின்றார். உள்ளே பெரிய டாக்டர், நிர்வாகி எங்கே, எங்கே என்று தேடுகிறார். நான் ஓடிப்போய் செக்யூரிட்டியிடம் இவர் யாரென்று சொல்லப் போனால், சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பையன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறான், கெடுக்காதே என்றார். ரவுண்ட்ஸ் முடிந்து கதவு திறந்தபிறகுதான் நிர்வாகியைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எதற்காக இப்படிக் கிடந்து அலைகிறீர்கள் என்று நான் கேட்காத நாள் இல்லை. ஆபீசில் ஃபேன் சரியாக ஓடவில்லை, வார்டில் நன்றாக ஓடுகிறது என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயராது.

சிரித்தது போதும். சிவகாமி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா சாருடைய மனைவி. பிள்ளைகள் இல்லை. ஆரியசாலையில் மண்டிக்கு மேல்மாடியில் குடியிருப்பு. சமைத்து வைத்துவிட்டு, இன்றைக்கு எந்தக் குடும்பத்துக்கு மருமகனாகப் போயிருக்கிறாரோ என்று காத்திருப்பதே அக்காவுக்கு வேலை. நான் அந்தப் பக்கம் போனால், "எனக்க வீட்டுக்காரரை எங்கயாவது கண்டியா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவானது. சார் லீவு போட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே லீவு அதுவாகத்தான் இருக்கும். நான் கூட இருப்பேன் சிவகாமி, ஒன்றும் பயப்படாதே என்று எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அன்று காலை அக்காவைத் தியேட்டருக்குள் கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். சார் என் கவுண்டருக்கு வந்து நிற்கிறார், முகமே சரியில்லை.

"மைக்கு, நீ கொஞ்சம் சிவகாமிக்கு நிக்கணும். எனக்கு ஒரு பெட் ஆயாச்சு."

வித்துராவிலிருந்து ஒரு ஆள், ரப்பர் மரக்கொம்பு முறிந்து மேலே விழுந்து, இடுப்பு நொறுங்கி வந்திருக்கிறார். கூட யாரும் இல்லை. சார் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு நோயாளிகளுக்குப் பைஸ்டாண்டர் ஆகக்கூடாது என்பது சட்டம். எப்போதோ ஒருத்தர் இரண்டு பேருக்கு நின்று மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டதால் சாரே கொண்டுவந்தது. அதனால் அவருக்குத் தம் மனைவிக்குக் கூட இருக்கத் தகுதி இல்லாமல் போய்விட்டது. உலகத்தில் வேறு எந்தப் புருஷனாவது இப்படி ஒரு காரணம் சொல்லியிருப்பானா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் கவுண்டர் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "சார், அது உங்க பொண்டாட்டி."

"அதான் உன்னை விடுதேன். வேற ஆரையாவது நம்பி விடுவேனா?" என்றார்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். அவர் எங்கே என்று உதட்டை அசைத்தாள். பக்கத்து வார்டில் இருக்கிறார் என்றேன். மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சார் நடுவில் ஓடி ஓடி வந்து கட்டில் ஓரத்தில் நின்றுவிட்டுப் போனார். அக்கா திரும்பவில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் ரொம்ப நாள் பேச்சு இல்லை. தட்டில் சாப்பாடு வரும், தண்ணீர் வரும், வார்த்தை வராது. வீட்டில் அறிவிப்பு நின்றுபோயிற்று மைக்கு என்று சார் என்னிடம் வந்து சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். கண் வேடிக்கையாக இல்லை. பிறகு எப்படியோ பேச்சு வந்தது. ஆனால் அந்த நாளைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டதே இல்லை என்று அக்காவே பின்னால் சொன்னாள்.

போன வருஷம் சாருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே தாண்டிப் போயிருந்தது. தனி அறை வேண்டாம், பொது வார்டுதான் என்று அடம்பிடித்து அங்கே போய்ப் படுத்தார். யார் கூட இருப்பது என்று ஆஸ்பத்திரியே சண்டை போட்டது. எலெக்ட்ரீஷியன், லேப் பையன், கான்டீன் அண்ணன், ஹெட் நர்ஸ், நான், இத்தனை பேரும் பைஸ்டாண்டர் பாஸ் கேட்டு நின்றோம். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். அக்கா நேராக வந்தாள், என் கவுண்டரில் கையை நீட்டினாள், பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா நடத்தியதுதான் நிர்வாகம். நான் ஒருநாள் இரண்டு நிமிஷம் எட்டிப் பார்க்கப் போனேன், பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ரவுண்ட்ஸ் நேரத்தில் எல்லா பைஸ்டாண்டரும் வெளியே வந்தார்கள், அக்கா மட்டும் ஸ்டூலை விட்டு எழவில்லை. அப்போது நான் வாசலில்தான் நின்றேன். சார் படுத்தபடியே முனகினார்.

"ரூல் அல்லே சிவகாமி. வெளிய போய் நில்லு."

"ரூல் போட்ட ஆளு படுத்துக் கெடக்காரு. இப்ப நான்தான் ரூலு. நீங்க வாயத் தொறக்காம, மிண்டாம கெடங்க."

சார் சிரித்தார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படித்தான் சிரித்தாரோ. பெரிய டாக்டர் அக்காவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் நாடி பார்த்தார்.

வார்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறார்களோ என்று தோன்றும். எனக்கு அழுகை வரும். கொஞ்சம் பொறாமையும் வரும், சொல்வதற்கென்ன.

ஒரு காலையில், வார்டுக்குக் காப்பி வருகிற நேரத்தில், சார் போய்விட்டார். மைக்கில் எத்தனையோ அறிவிப்புச் சொன்ன எனக்கு அன்று குரலே வரவில்லை. லேப் பையன் வந்து மைக்கைப் பிடித்தான்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்த பிறகு டிரஸ்ட் தலைவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். சார் பெயரில் வருஷா வருஷம் ஒரு உதவித்தொகை. மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் முதல் ராங்க் எடுக்கும் மாணவருக்கு. பெயரை வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். குடும்பம் என்றால் அக்கா ஒருத்திதான். அக்காவிடம் கேட்க என்னை அனுப்பினார்கள்.

அக்கா காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு நிதானமாக, சத்தம் கூட்டாமல் சொன்னாள்.

"உயிரோட இருந்தப்போ ஆளை மொத்தமா நீங்க எடுத்துக்கிட்டீங்க. நான் ஒண்ணும் மிண்டல்லை. இப்ப பேரும் வேணும்னு வந்து நிக்கியளே. எனக்குன்னு என்னதான் விட்டு வைக்கப் போறீங்க?"

காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். தலைவரிடம் அக்காவுக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். துக்கத்தில் இருக்கிறார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அவர். எனக்கு அக்கா மேல் கோபம் இல்லை. அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் பெயர் கிடைக்காவிட்டால் இந்த உதவித்தொகை எந்த வியாபாரியின் பெயரிலாவது போய்விடும், சாரைப் பற்றி இனி ஒரு பேச்சும் மிஞ்சாது.

கொஞ்ச நாள் கழித்து அக்காவே ஃபோன் செய்தாள். யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அன்று சரியாகக் காதில் விழவில்லை, மறுபடி சொல் என்றாள். முதல் ராங்க்காரருக்கு என்றேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். ராங்க்காரனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, அதற்கு இவர் பெயர் எதற்கு என்று கேட்டாள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு அக்கா வந்தாள். வெளுத்த சேலை, கையில் ஒரு துணிப்பை. சார் உட்கார்ந்து கட்டட வரைபடம் விளக்கிய அதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் யாருக்காவது கூட இருந்து, அதனால் பரீட்சை எழுத முடியாமல் போன பிள்ளைகள் இருக்கும், அவர்களுக்குக் கொடுப்பதானால் பெயரைத் தருகிறேன் என்றாள்.

தலைவர் ரொம்பப் பதமாகத்தான் பேசினார். உதவித்தொகை என்றால் மதிப்பெண் என்று ஒன்று வேண்டும், எல்லா இடத்திலும் ஜெயித்தவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள், தோற்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அது சாருக்குத்தான் குறைச்சல் என்றார். மற்றவர்களும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். நிர்வாகி என்ற பெயருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார்.

அக்கா துணிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ அவரு எனக்க கூட இருக்கல்லை. இது உங்க எல்லாருக்கும் தெரியும். வித்துராக்காரன் ஒருத்தனுக்குக் கூட இருக்கப் போனாரு. ஏன்னு நான் கேக்கல்லை. கேக்காமலே அத்தனை வருஷமும் மனசுக்குள்ள வச்சு அவரைக் குத்திக்கிட்டே இருந்தேன். கடைசியா இந்த வார்டுல கெடக்கும்போதான் கேட்டேன். அந்த ஆளைக் கொண்டுவந்தது அவனுக்க மகள். அன்னிக்கு அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. இவரு அவளை ஆஸ்பத்திரி ஜீப்புல ஏத்தி, போய் எழுதிட்டு வா மோளே, நான் அப்பா கூட இருக்கேன்னு அனுப்பியிருக்காரு. அதை அப்பவே சொன்னா என்னன்னு கேட்டேன். நீ கேக்கல்லையேங்காரு."

எனக்கே அன்றுதான் தெரியும். கூட ஆளில்லை என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட இருந்த ஆளைத்தான் அவர் அனுப்பி வைத்திருந்தார். அந்தப் பெண் நன்றாக எழுதினாளா, ஜெயித்தாளா என்றுகூட அவருக்குத் தெரியாதாம். அக்கா கேட்டதற்கு, அதற்குள் இங்கே வேறு பெட் ஆகிவிட்டது என்றாராம்.

"அந்தப் பிள்ளைக்கு அவரு இருந்தாரு, பரீட்சை எழுதிச்சு. இனி வாற பிள்ளைங்களுக்கு அவரு இல்லையே. அதுங்களுக்குக் குடுக்கியளா, பேரை எடுத்துக்கிடுங்க. இல்லையா, அவரு பேரு எனக்க கூடவே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொதுவாகக் கேட்டார். ஹெட் நர்ஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கண்டுபிடிக்க வேண்டாம் சார், கட்டிலுக்கு அடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நாங்கள் தினமும் தாண்டித்தான் போகிறோம் என்றார். தலைவர் எழுந்து அக்காவுக்குக் கும்பிடு போட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியின் சின்ன ஹாலில் விழா நடந்தது. மாலை போட்ட படம், குத்துவிளக்கு, மலையாளம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் பேச்சு. முதல் உதவித்தொகை போனக்காடு எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. நர்ஸிங் படிப்பில் சேர்ந்து, அம்மாவுக்குக் கூட இருக்க வேண்டியிருந்ததால் பரீட்சைக்குப் போகாமல், ஒரு வருஷம் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டாள். படிப்பை விட்டுவிட்டுத் தேயிலை கிள்ளப் போகிறேன் என்றிருந்தவளை எங்கள் ஹெட் நர்ஸ்தான் பிடித்து இழுத்து வந்தார்.

அக்கா மேடையில் ஏறிக் கவரைக் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ஹாலில் எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள், அப்போதும் வாய் திறக்கவில்லை. அக்கா அதன் தோளைத் தொட்டு, மெதுவாக, தனக்கு மட்டும் தெரிய வேண்டியதைப் போலக் கேட்டாள்.

"பரீட்சையை விட்டுட்டோமேன்னு மனசுல வருத்தம், வெஷமம் உண்டா மோளே?"

"உண்டு அம்மா," என்றது. பிறகு கொஞ்சம் நின்று சொன்னது. "ஆனா எங்க அம்மா கடைசியா தண்ணி கேட்டப்போ, எடுத்துக் குடுக்க நான் இருந்தேன்."

அக்கா அந்தப் பெண்ணை அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் இருந்தேன் மோளே," என்றாள். "அவரு கேட்டப்போ நானும் இருந்தேன்."

அடுத்து நன்றியுரை. பேசுகிறவரை நான் அழைக்க வேண்டும். பெயர் எழுதிய சீட்டு கையில்தான் இருந்தது, வாயில் வரவில்லை. லேப் பையன் என்னைப் பார்த்துவிட்டு அவனாகவே எழுந்து வந்தான். நான் வெளியே வராந்தாவுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பைஸ்டாண்டர்கள் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டேன். யாருக்குக் கூட வந்திருக்கிறேன் என்று பக்கத்து அம்மா கேட்டாள்.

சாரை எனக்கு ரொம்பத் தேடுகிறது.